தரை தெரியும், ஆழம் தெரியாது: நீச்சல் தடாகத்தில் நாம் விடும் தவறுகள்

ஏப்ரல் விடுமுறைக்கு ஹட்டனிலிருந்து வேன் பிடித்து நீர்கொழும்புக்கு இறங்கினால் பிள்ளைகளுக்குக் கடலைவிட ஹோட்டல் நீச்சல் தடாகம்தான் பெரிது. கடலில் அலையைப் பார்த்ததுமே அவர்களின் கையைப் பிடித்துக்கொள்கிறோம். தடாகத்தில் விட்டுவிடுகிறோம்.

பீலியிலும் ஆற்றிலும் குளித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆற்றில் தரை தெரியாது, காலால் தடவித்தான் இறங்குவோம். தடாகத்தில் நீல டைல்ஸ் பளிச்சென்று தெரிவதால் அந்தப் பயம் போய்விடுகிறது. ஆனால் தண்ணீரில் ஒளி முறிவதால், மேலிருந்து பார்க்கும்போது ஆழம் முக்கால்வாசியாகத்தான் தெரியும். 2 மீற்றர், ஒன்றரை மீற்றர் போல இருக்கும். விளிம்பில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். எண் இல்லையா, தலைகீழாகப் பாயவே வேண்டாம்; கழுத்தெலும்பு முறிவது அப்படித்தான்.

அடுத்தது டியூப். போன வருசம் அக்காவின் மகன், எட்டு வயது, டியூபுக்குள் மிதந்துகொண்டிருந்தான். கரையில் பெரியவர்கள் ஆறு பேர் கட்லட் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் டியூப் தனியாகச் சுற்றுகிறது. பக்கத்திலேயே அவன்: தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில், இரண்டு கைகளாலும் தண்ணீரைக் கீழே அழுத்தியபடி. சத்தமே இல்லை. விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். அக்காதான் உடுத்த சுடிதாரோடு இறங்கித் தூக்கினாள்.

மூழ்குபவர் கத்துவார், கையசைப்பார் என்று நம்புவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மூச்சு எடுக்கவே வாய் போதாதபோது எப்படிக் கத்துவது? ஆறு பேரில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று இருந்துவிட்டோம். இப்போது முறை வைத்திருக்கிறோம்: கால் மணிக்கு ஒருவர், கையில் போன் இல்லாமல். உயிர்காப்பாளர் நின்றாலும் சரி, அந்த முறை மாறாது. மூழ்குபவரைக் காப்பாற்றவென்று நீச்சல் தெரியாதவர் ஆழத்தில் குதிக்கவும் கூடாது. டியூபை எறியுங்கள், துவாயையோ சேலையையோ நீட்டுங்கள்.

பெரிய பையன்களுக்கு வேறு பைத்தியம்: யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று போட்டி. அதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டால் உடலில் கரியமிலவாயு குறைந்து, மூச்சு வேண்டும் என்ற உந்துதலே பிந்திப்போகும். நீருக்கடியிலேயே மயக்கம் வந்துவிடும்.

‘குளிக்கத்தானே போகிறோம், அதற்கு முன் எதற்குக் குளிப்பது?’ என்று மாமா கேட்பார். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போதுதான் கண் எரியும் அந்த நெடி வருகிறது. நெடி தூக்கினால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமில்லை. வயிற்றுப்போக்குள்ள பிள்ளையை இறக்கவே கூடாது. சில கிருமிகள் குளோரினிலும் நாட்கணக்கில் உயிரோடிருக்கும்.

தடாகத்தோடு வீடு வாடகைக்கு எடுத்தால் இரண்டு விஷயம். மருந்து வைத்திருக்கும் அறைப் பக்கம் போகாதீர்கள். குளோரின் தூளும் அமிலமும் கலந்தால் விஷவாயு. அப்புறம், படுக்கப் போகுமுன் தண்ணீரில் மிதக்கும் பந்தை எடுத்துவிட்டுத் தடாகத்துக் கேட்டைப் பூட்டுங்கள். விடியற்காலையில் முதலில் எழும்புவது சின்னதுதான், எழும்பியதும் தேடுவது அந்தப் பந்தைத்தான்.