ரூட்டர் அட்மின் பாஸ்வேர்டு மறந்துவிட்டதா? முதலில் அந்த ஊசியைக் கீழே வையுங்கள்

ரூட்டருக்குள் போக முடியவில்லை என்றதும் எல்லாரும் ஒரே வரிசையில்தான் இறங்குகிறார்கள். ‘அட்மின்’, ‘பாஸ்வேர்டு’, ‘1234’ என்று அடித்துப் பார்ப்பார்கள். திறக்காது. அடுத்து ரீசெட் துளைக்கு ஊசி தேடுவார்கள். ஊசி கிடைத்த பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்குகிறது. பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள் என்பது போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் மட்டும் இங்கே.

எது தொலைந்தது என்று தெரியாமலே தேடுவது

வீட்டு இணைப்பில் பொதுவாக மூன்று பாஸ்வேர்டுகள் இருக்கும். ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. இன்னொன்று ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பதற்கு. அட்மின் பாஸ்வேர்டு என்பது இதுதான். மூன்றாவது, ரூட்டர் தானாக உங்கள் இணைய நிறுவனத்திடம் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளும் பிபிபிஓஇ பாஸ்வேர்டு. இது எல்லா இணைப்பிலும் இருக்காது. இருக்கும் இடத்தில் பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வைஃபை பாஸ்வேர்டு மட்டும் மறந்துபோனதற்கு ரூட்டரை ரீசெட் செய்கிறவர்கள் உண்டு. ஏற்கெனவே இணைந்திருக்கும் ஒரு கருவி போதும். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய போனில் அந்த வைஃபையின் ‘ஷேர்’ பொத்தான் க்யூஆர் குறியீட்டைக் காட்டும். ஐஓஎஸ் 16 முதல் ஐபோனிலும் வைஃபை விவரப் பக்கத்தில் பாஸ்வேர்டைப் பார்க்கலாம்.

வேறு வீட்டுக் கதவைத் தட்டுவது

சரியான பாஸ்வேர்டை வைத்துக்கொண்டே தவறான முகவரியில் தட்டுவதும் நடக்கும். 192.168.1.1 எல்லா ரூட்டருக்கும் பொது அல்ல, 192.168.0.1, 192.168.100.1 என்றும் வரும். ஊகிக்க வேண்டாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) கட்டளை கொடுத்தால் ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் முகவரி இருக்கும். ஐபோனில் வைஃபை விவரப் பக்கத்தின் ‘ரூட்டர்’ வரியில் இருக்கும்.

முகவரியைத் தேடல் பெட்டியில் அல்லாமல் முகவரிப் பட்டையில் அடிக்க வேண்டும். 1 என்ற எண்ணுக்குப் பதில் அதைப் போலவே தோன்றும் ஆங்கில ‘எல்’ எழுத்தை அடித்தால் பிரவுசர் அதைத் தேடுசொல்லாக எடுத்துக்கொள்ளும். அப்படி வருகிறவர்களுக்காகவே வலை விரித்த பக்கங்கள் நிறைய. ‘உங்கள் ரூட்டருக்குள் நுழைய இங்கே சொடுக்குங்கள்’ என்று கேட்கும் எந்தத் தளத்துக்கும் உங்கள் ரூட்டரோடு சம்பந்தம் இல்லை.

பக்கமே திறக்கவில்லை என்றால் போனில் மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். வீட்டில் இரண்டு பெட்டிகள் இருந்தால் எதற்குள் நுழைகிறீர்கள் என்று பக்கத்தின் மேலே உள்ள மாடல் பெயரை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரமாரியாக அடித்துப் பார்ப்பது

சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு பல ரூட்டர்கள் சற்று நேரம் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் சரியானதை அடித்தாலும் ஏற்காது.

எதையும் எடுத்து வைக்காமல் ரீசெட் அழுத்துவது

இதைத்தான் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும். காணொளிகளும் கட்டுரைகளும் ‘பத்து விநாடி அழுத்துங்கள், முடிந்தது’ என்று முடித்துவிடுகின்றன. முடிவதில்லை.

ரீசெட் பொத்தான் அட்மின் பாஸ்வேர்டை மட்டும் அழிப்பதில்லை. அப்படி ஒரு வசதியே அதில் இல்லை. நீங்களும் இணைப்புக் கொடுக்க வந்த பணியாளரும் மாற்றிய எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஆலை நிலைக்குக் கொண்டுபோய்விடும். பிபிபிஓஇ பயனர் பெயர், பாஸ்வேர்டு, வீலான் எண் (நிறுவனம் தன் தடத்தைப் பிரித்துக் காட்டும் எண்), மாற்றி வைத்த மேக் முகவரி (கருவியின் அடையாள எண்), ரூட்டர் வழியே ஓடும் தொலைபேசியின் அமைப்பு, பிரிட்ஜ் மோடு (இணையத்தை அடுத்த ரூட்டருக்கு அப்படியே கடத்திவிடும் நிலை) எல்லாம் போகும். ஃபைபர் இணைப்பில் வீட்டுக் கருவியே தன்னைப் பதிவு செய்துகொள்ளும் அடையாள எண் ஒன்று சில நிறுவனங்களில் உண்டு. அதுவும் கைமுறையாக உள்ளிட்டதாக இருந்தால் போய்விடும்.

பிறகு நடப்பது இப்படித்தான் இருக்கும். வைஃபை வந்துவிடும், இணையம் வராது. ஃபைபர் கருவியில் நிறுவனத்தோடு இணைந்ததைக் காட்டும் பான் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். கம்பியில்தான் கோளாறு என்று நினைத்து ஃபைபரைக் கழற்றி மாட்டுவார்கள். அதன் முனையில் விரல் பட்டு, இல்லாத கோளாறும் சேர்ந்துகொள்ளும். ஒளி வரவில்லை என்று எச்சரிக்கும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியவில்லை என்றால் ஒளி வந்துகொண்டுதான் இருக்கிறது. கருவி பதிவாகவில்லை, அவ்வளவுதான். கடைசியில் வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் பதிவு செய்த மொபைல் எண்ணைக் கேட்பார்கள். இணைப்பு வாங்கிய மகன் வெளிநாட்டில் இருப்பார். ஓடிபி அவருடைய பழைய எண்ணுக்குப் போகும். பத்து விநாடி வேலைக்கு மூன்று நாள் இணையம் இல்லாமல் கிடப்பது இப்படித்தான்.

எல்லா இணைப்பிலும் இது நேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிஎச்சிபி முறையில் தானாக முகவரி வாங்கும் இணைப்பில் ரீசெட்டுக்குப் பிறகும் இணையம் பொதுவாக வந்துவிடும். சில நிறுவனங்கள் தொலைவிலிருந்தே அமைப்பை மறுபடி ஏற்றிவிடும். உங்களுடையது எந்த வகை என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதுவரை ஊசி கீழேயே இருக்கட்டும்.

ஊசிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை இவை. ரூட்டரைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். புதிய மாடல்களில் ஒவ்வொரு கருவிக்கும் தனி அட்மின் பாஸ்வேர்டு அதில் அச்சாகியிருக்கும். அதிலுள்ள வைஃபை பாஸ்வேர்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அடுத்து, முன்பு ரூட்டருக்குள் நுழைந்த கணினியில் பிரவுசரின் சேமித்த பாஸ்வேர்டுகள் பட்டியலைத் திறந்து ‘192.168’ என்று தேடுங்கள். பலருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடும். ரூட்டர் நிறுவனத்தின் ஆப் வீட்டில் யார் போனிலாவது லாகின் ஆன நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல ஆப்களில் அங்கிருந்தே அட்மின் பாஸ்வேர்டை மாற்றலாம்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் இணைய நிறுவனத்தை அழைக்க வேண்டியதுதான். இணைப்பு வகை, பயனர் பெயர், பாஸ்வேர்டு, வீலான் எண், மேக் முகவரிப் பிணைப்பு, பதிவு எண் ஆகியவற்றைக் கேட்டுத் தாளில் எழுதுங்கள். இணையம் ஓடும்போதே அழையுங்கள். நின்ற பிறகு அழைத்தால் புகார் எண்தான் கிடைக்கும். இப்போதைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். ரீசெட்டுக்குப் பிறகு அதே பெயர், அதே பாஸ்வேர்டு, அதே பாதுகாப்பு வகையை வைத்தால் கேமரா, பிரிண்டர், டிவி எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே ஓர் எழுத்து மாறினாலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து இணைக்க வேண்டும்.

பொத்தானைத் தொட்டுவிட்டு எடுப்பது

மின்சாரம் ஓடும்போதே பொத்தானை அழுத்திப் பிடித்து, விளக்குகள் எல்லாம் ஒருசேர மின்னும்வரை விடக்கூடாது. பெரும்பாலான மாடல்களில் சுமார் பத்து விநாடி. சிலவற்றில் ரீசெட்டும் டபிள்யூபிஎஸ்ஸும் (பாஸ்வேர்டு அடிக்காமலே கருவிகளை வைஃபையில் சேர்க்கும் வசதி) ஒரே பொத்தான். சுருக்கமாக அழுத்தினால் டபிள்யூபிஎஸ்தான் திறக்கும். விளக்குகள் அடங்கி ரூட்டர் முழுதாக எழும்வரை மின்கம்பியைப் பிடுங்கவும் கூடாது.

பொத்தானை அழுத்தியபடியே மின்சாரத்தைக் கொடுக்கச் சொல்லும் பழைய ‘30-30-30’ யோசனையை நம்ப வேண்டாம். பல புதிய ரூட்டர்கள் அப்படிச் செய்தால் மீட்பு நிலைக்குள் போய் அங்கேயே நின்றுவிடும்.

ரீசெட் ஆனதும் இணையக் கம்பியைச் செருகுவது

அந்த நிமிடத்தில் ரூட்டரில் இருப்பது ஆலை பாஸ்வேர்டு. 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்ததற்குப் பெரிய மூளை எதுவும் தேவைப்படவில்லை. அறுபதுக்கு மேற்பட்ட ஆலைப் பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாக முயன்று பார்த்தது, போதுமானதாக இருந்தது.

வெளியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றி வையுங்கள். கணினியை லான் கம்பியால் ரூட்டரோடு இணையுங்கள். பல ரூட்டர்களின் அமைப்புப் பக்கம் இன்னும் மறையாக்கம் இல்லாத எச்டிடிபியில்தான் ஓடுகிறது. வைஃபை திறந்து கிடக்கும்போது அதன் வழியே புதுப் பாஸ்வேர்டு அடிப்பது நல்லதல்ல. அட்மின் பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு, பிறகு பிபிபிஓஇ. அதன் பிறகே வெளிக்கம்பி. இணையம் வந்ததும் ஃபர்ம்வேர் (ரூட்டரின் உள் மென்பொருள்) புதுப்பிப்பு.

புதிதாக மாற்றிய கையோடு பக்கத்தை மூடுவது

சில ரூட்டர்கள் 15 அல்லது 16 எழுத்துக்கு மேல் உள்ளதைச் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிடும். இன்னும் சில, மேற்கோள் குறி போன்றவற்றை ஏற்றுக்கொண்டு, லாகின் பக்கத்தில் மறுக்கும். நீங்கள் வைத்தது ஒன்று, அது சேமித்தது ஒன்று. எனவே பழைய பக்கத்தைத் திறந்தே வைத்து, வேறொரு பிரவுசரில் புதுப் பாஸ்வேர்டால் நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால்தான் மூடலாம். குறியீடுகளைக் குவிப்பதைவிட எழுத்தும் எண்ணும் கலந்து 14 எழுத்து வரை வைப்பது இங்கே பாதுகாப்பு.

டபிள்யூபிஎஸ் பின்னை விட்டுவைப்பது

டபிள்யூபிஎஸ்ஸில் பொத்தானுக்குப் பதில் அடிக்கும் எண்தான் பின். எட்டு இலக்கம் என்பதால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. மிச்ச ஏழையும் ரூட்டர் முதல் நான்கு, பின் மூன்று என்று தனித்தனியாகச் சோதித்துப் பதில் சொல்கிறது. ஆக 10,000 + 1,000, மொத்தம் 11,000 முயற்சிதான். 2011 டிசம்பரிலேயே இந்த ஓட்டை வெளியாகிவிட்டது. அணையுங்கள்.

தொலைநிலை நிர்வாகம்

வெளியூரிலிருந்து ரூட்டரைத் திறக்க வேண்டிய அவசியம் வீட்டுக்காரருக்கு வராது. அணையுங்கள்.

ஒரே கணக்குதான் இருக்கிறது என்று நம்புவது

இணைய நிறுவனம் தரும் பெட்டிகளில் உங்களுக்கான கணக்குக்கு மேலே இன்னொரு கணக்கு இருப்பதுண்டு. நீங்கள் மாற்றியது கீழே உள்ளதை மட்டுமாக இருக்கலாம். பயனர் பட்டியலைத் திறந்து பாருங்கள். மேற்கணக்கை மாற்ற அனுமதி இல்லை என்றால் நிறுவனத்திடமே கேளுங்கள்.

பழைய பேக்கப்பை ஏற்றுவது

எல்லாம் சரியான பிறகு, போர்ட் அமைப்புகளை மறுபடி அடிக்கச் சோம்பி, பழைய பேக்கப் கோப்பை ஏற்றுவார்கள். பல மாடல்களில் அந்தக் கோப்புக்குள் பழைய அட்மின் பாஸ்வேர்டும் இருக்கும்; நீங்கள் மறந்துபோன அதே பாஸ்வேர்டு. ரூட்டர் மறுபடி எழுந்ததும் வெளியே நிற்பீர்கள். அமைப்புகளைக் கையால் அடித்து முடித்துப் புதிய பேக்கப் எடுத்துக்கொண்டு பழையதை அழித்துவிடுங்கள். சில மாடல்களில் அந்தக் கோப்பு வெறும் உரையாகவே இருக்கும், பிபிபிஓஇ பாஸ்வேர்டு உட்பட. அதை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைக்காதீர்கள்.