எர்கோஸ்டிராலில் நான் கூட்டிய 30: உட்வர்ட் விதியைத் தப்பில்லாமல் போடுவது எப்படி

எம்.எஸ்சி. முதலாண்டு உள்தேர்வில் எர்கோஸ்டிராலின் (காளான், ஈஸ்டில் இருக்கும் ஒரு ஸ்டீராய்டு) லாம்டா மேக்ஸ் கேட்டிருந்தார்கள், அதாவது அது புற ஊதா (யு.வி.) ஒளியை மிக அதிகமாக உறிஞ்சும் அலைநீளம், நானோமீட்டரில். உட்வர்ட் விதி என்ற கூட்டல் முறையில் அதைக் கணக்கிட வேண்டும். நான் 313 என்று எழுதினேன். சரியான விடை 283. தாளைத் திருப்பிக் கொடுத்தபோது ஆசிரியர் ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை. பக்கச் சங்கிலியில் இருந்த இரட்டைப் பிணைப்பைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். அந்த வட்டத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ராத்திரி ஆனது.

இப்போது அதே பாடத்தை நான் நடத்துகிறேன். வருடா வருடம் நான் பார்க்கிற தப்புகளில் கூட்டல் தப்பு அபூர்வம். 214-ஐயும் 20-ஐயும் எல்லோருக்கும் கூட்டத் தெரியும். படத்தைப் படிப்பதில்தான் தவறுகிறார்கள். அதனால் என் வகுப்பில் கால்குலேட்டர் கடைசியில்தான் வரும், முதலில் பென்சில்.

விதியின் கதை சின்னதுதான். 1941-ல் ஹார்வர்டில் இருந்த ராபர்ட் பர்ன்ஸ் உட்வர்டுக்கு வயது 24. கீட்டோனோடு சேர்ந்த இரட்டைப் பிணைப்பில் எத்தனை ஆல்கைல் தொகுதி (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த கிளை) தொங்குகிறதோ அதைப் பொறுத்து உறிஞ்சும் அலைநீளம் ஒழுங்காக நகர்கிறது என்று கவனித்து எழுதினார். அடுத்து டையீன்களுக்கும் (இரண்டு இரட்டைப் பிணைப்பு உள்ளவை) அதே மாதிரிக் கணக்கு வந்தது. லூயி ஃபீசரும் அவர் மனைவி மேரி ஃபீசரும் ஸ்டீராய்டுகளை வைத்து எண்களைச் சீர்படுத்தினார்கள். என்.எம்.ஆர். இல்லாத காலம் அது. மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல யு.வி. வரைபடம்தான் கைகொடுத்தது.

அடிப்படைக் கருத்து இதுதான். எத்திலீன் 171 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சுகிறது. ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு இரட்டைப் பிணைப்பு வந்தால், அதாவது பியூட்டாடையீனில், 217. மூன்று வந்தால் 258. இப்படி ஒன்று விட்டு ஒன்றாக வருவதற்குக் கான்ஜுகேஷன் என்று பெயர். அது நீள நீள, எலக்ட்ரான் நிரம்பிய மட்டங்களில் மேலானதுக்கும் காலியான மட்டங்களில் கீழானதுக்கும் உள்ள ஆற்றல் இடைவெளி குறைகிறது, அலைநீளம் கூடுகிறது. உட்வர்ட் விதி ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்து, கூட இருக்கிற சாமான்களுக்குத் தகுந்தபடி அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்கிறது.

சரி, எர்கோஸ்டிராலையே எடுப்போம்.

புத்தகத்துப் படத்தில் கணக்குப் போடாதீர்கள். அரைப்பக்க அளவுக்குச் சொந்தக் கையால் பெரிதாக வரையுங்கள். நான்கு வளையம், ஏ, பி, சி, டி. கார்பன்களுக்கு எண் போடுங்கள். இரட்டைப் பிணைப்பு மூன்று: 5-க்கும் 6-க்கும் நடுவில், 7-க்கும் 8-க்கும் நடுவில், பக்கச் சங்கிலியில் 22-க்கும் 23-க்கும் நடுவில்.

இப்போது பென்சிலை ஓர் இரட்டைப் பிணைப்பில் வைத்து அழுத்தி இழுங்கள். இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வரும்வரை போகலாம். இரண்டு ஒற்றைப் பிணைப்பு அடுத்தடுத்து வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். 5-ல் தொடங்கினால் 8-ல் பென்சில் நின்றுவிடும். 22-வது கார்பன் எங்கோ தூரத்தில் இருக்கிறது, பென்சில் அங்கே போகவே முடியாது. நான் அதற்கும் சேர்த்து 30 கூட்டியிருந்தேன். பென்சில் போகாத இடத்துக்குக் காசு கிடையாது என்று இப்போது வகுப்பில் சொல்கிறேன்.

அடுத்து தொடக்க எண். பென்சில் போய்க் கருமையான இரண்டு இரட்டைப் பிணைப்பும் ஒரே வளையத்துக்குள் இருந்தால் ஹோமோ ஆனுலர், 253. வேறு வேறு வளையத்தில் இருந்தால் ஹெட்டரோ ஆனுலர், 214. வளையமே இல்லாத சங்கிலி டையீனுக்கும் 214 போடலாம், சில புத்தகங்கள் 217 போடும். ஒரே மூலக்கூறில் இரண்டு வகையும் சேர்ந்திருந்தால் 253-ஐ எடுங்கள். எர்கோஸ்டிராலில் இரண்டும் பி வளையத்துக்குள் இருப்பதால் 253.

மூன்றாவது, கருமையான நாலு கார்பனில் ஒவ்வொன்றாகக் கை வைத்து, 'உன்னோடு ஒட்டியிருக்கிற கருமையில்லாத கார்பன் எத்தனை?' என்று கேளுங்கள். 5-ல் இரண்டு (4-ம் 10-ம்). 6-ல் இல்லை. 7-ல் இல்லை. 8-ல் இரண்டு (9-ம் 14-ம்). ஆக நாலு, ஒவ்வொன்றுக்கும் 5, மொத்தம் 20. இங்கே பாதி வகுப்பு 10 என்று எழுதும். "9-ம் 10-ம் அதே வளையத்துக்குள்ளதானே மேடம் இருக்கு?" என்று கேட்பார்கள். இருந்தால் என்ன? வளையத்தின் மிச்சத் துண்டும் ஓர் ஆல்கைல் தொகுதிதான்.

நான்காவதுதான் வம்பு பிடித்தது, எக்ஸோ சைக்ளிக். இரட்டைப் பிணைப்பின் ஒரு முனை ஒரு வளையத்தில் இருந்து, மறுமுனை அந்த வளையத்துக்கு வெளியே இருந்தால், அந்த வளையத்துக்கு அது எக்ஸோ. அது இன்னொரு வளையத்துக்குள்ளேயே இருந்தாலும் சரி. 5-வது கார்பன் ஏ வளையத்திலும் இருக்கிறது, 6 இல்லை. எனவே ஏ வளையத்துக்கு ஓர் எக்ஸோ. 8-வது கார்பன் சி வளையத்தில் இருக்கிறது, 7 இல்லை. சி வளையத்துக்கு ஓர் எக்ஸோ. இதைக் கண்ணால் பிடிக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி: ஒரு வளையத்தைத் தவிர மற்றதையெல்லாம் உள்ளங்கையால் மூடுங்கள். அந்த வளையத்திலிருந்து கொம்பு மாதிரி ஓர் இரட்டைக்கோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 5. கை மாற்றி மாற்றி நாலு வளையத்துக்கும் செய்யுங்கள்.

253 + 20 + 10 = 283

எர்கோஸ்டிராலின் வரைபடத்தில் 271, 282, 293 என்று விரல்கள் மாதிரி முகடுகள் நிற்கும். உயரமானது 282. ஒரு நானோமீட்டர்தான் வித்தியாசம்.

இதே டையீன் நம் தோலிலும் இருக்கிறது. 7-டீஹைட்ரோ கொலஸ்டிராலுக்கும் பி வளையத்தில் அச்சாக இதே அமைப்பு, கணக்கும் அதே 283. அந்த உறிஞ்சலின் சரிவில் வெயிலின் யு.வி. பி கதிர் விழுந்துதான் வைட்டமின் டி உருவாவது தொடங்குகிறது. சன்னல் கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும் என்பதால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வெயில் காய்ந்து பிரயோசனம் இல்லை.

மற்ற எண்கள்: கான்ஜுகேஷனை நீட்டும் ஒவ்வொரு இரட்டைப் பிணைப்புக்கும் 30, ஆல்காக்ஸிக்கு 6, குளோரினுக்கும் புரோமினுக்கும் 5, அசிட்டாக்ஸிக்கு ஒன்றுமில்லை, கந்தகம் வழியே ஆல்கைல் வந்தால் 30, டை ஆல்கைல் அமினோவுக்கு 60.

இந்த விதி எதற்குப் பயன் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது பைன் மரப் பிசினிலிருந்து வரும் இரண்டு அமிலங்களை. அபியட்டிக், லீவோபிமாரிக். அணு எண்ணிக்கை ஒன்றேதான், டையீன் இருக்கும் இடம் மட்டும் வேறு. அபியட்டிக்கில் இரண்டு வளையத்தில் பிரிந்து நிற்கிறது: 214, நாலு ஆல்கைலுக்கு 20, ஓர் எக்ஸோவுக்கு 5, மொத்தம் 239. லீவோபிமாரிக்கில் ஒரே வளையத்தில்: 253, 20, 5, மொத்தம் 278. அளந்தால் முன்னது 240-ஐ ஒட்டியும் பின்னது 272 பக்கமும் வரும். பின்னதில் ஆறு பிசகுகிறது, இருக்கட்டும். இடைவெளி முப்பதுக்கு மேல் இருக்கும்போது எது எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

இனி ஈனோன், அதாவது கீட்டோனோடு சேர்ந்த இரட்டைப் பிணைப்பு. பென்சில் வேலை அதேதான், ஆனால் இங்கே இடத்துக்கு ஏற்ற விலை. கார்பனைலுக்கு (கீட்டோனில் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பன்) அடுத்த கார்பன் ஆல்பா, அதற்கடுத்தது பீட்டா, அப்புறம் காமா, டெல்டா. ஆல்கைலுக்கு ஆல்பாவில் 10, பீட்டாவில் 12, காமாவிலிருந்து 18. தொடக்க எண் சங்கிலிக்கும் ஆறு கார்பன் வளையத்துக்கும் 215, ஐந்து கார்பன் வளையத்துக்கு 202, ஆல்டிஹைடுக்கு 210 வாக்கில். நீட்சிக்கு 30, எக்ஸோவுக்கு 5, முன்பு போலவே.

மெசிட்டைல் ஆக்சைடில் பீட்டா கார்பனில் இரண்டு மெத்தில். 215 + 24 = 239. எத்தனாலில் அளந்தால் 237.

இதை நான் முதலில் அளந்த கதை கொஞ்சம் கேவலமானது. அளக்கும் கரைசலை ஊற்றும் சின்னப் பெட்டிதான் கியூவெட். கண்ணாடி கியூவெட்டும் குவார்ட்ஸ் கியூவெட்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கைக்குக் கிடைத்த கண்ணாடியைப் போட்டேன். 320-க்குக் கீழே கோடு கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. குவார்ட்ஸை மாற்றி, சுத்தமாக இருக்கட்டும் என்று அசிட்டோனில் கழுவி, சரியாக உலர்த்தாமல் ஊற்றினேன். 270 பக்கத்தில் அழகான ஒரு மேடு. புதுப் பொருளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அது அடியில் தங்கிய அசிட்டோன் சொட்டு. கியூவெட்டைக் கடைசியாக எந்தக் கரைப்பானில் அளக்கப் போகிறீர்களோ அதிலேயே இரண்டு முறை அலசுங்கள்.

கரைப்பானைச் சொன்னதால் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். அட்டவணையில் ஹெக்சேனுக்குக் கூட்டல் 11, நீருக்குக் கழித்தல் 8 என்று இருக்கும். அது அளந்த எண்ணை எத்தனாலுக்குக் கொண்டுவருவதற்கு. நீங்கள் கணக்கிட்ட எண்ணிலிருந்து ஹெக்சேனுக்குப் போக வேண்டுமென்றால் திருப்பிப் போட வேண்டும்: 239-ல் 11 போனால் 228, நீரில் 8 கூடினால் 247. அளவில் ஹெக்சேனில் 230, நீரில் 245 வாக்கில் வருகிறது. டையீனுக்கு இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று: மெசிட்டைல் ஆக்சைடுக்கு ஹெக்சேனில் 327 பக்கம் சின்னதாக இன்னொரு முகடு உண்டு. அது ஆக்சிஜனின் தனி இணையிலிருந்து எழுவது. நீரில் போட்டால் மற்றதற்கு எதிராக, 305-க்கு இறங்கும். உட்வர்ட் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உயரமான முகடோடுதான் உங்கள் விடையை ஒப்பிட வேண்டும்.

சதகுப்பையின் வாசத்துக்குக் காரணமான கார்வோன் இதில் சுலபமான பயிற்சி. ஆல்பாவில் மெத்தில் 10, பீட்டாவில் வளையத் துண்டு 12, மொத்தம் 237. கீழே தொங்கும் ஐசோபுரொப்பினைலுக்குப் பென்சில் போகாது. புதினா வகையில் வரும் கார்வோன் இதன் கண்ணாடிப் பிம்பம். மூக்கு இரண்டையும் பிரித்துவிடும், யு.வி. பிரிக்காது.

நாலு இரட்டைப் பிணைப்புக்கு மேல் போனால் இந்த முறை கையை விரித்துவிடும். அதற்கு ஃபீசர்–கூன் சமன்பாடு: 114-ல் தொடங்கி, ஒவ்வோர் ஆல்கைலுக்கும் 5 கூட்டுங்கள். இரட்டைப் பிணைப்பின் எண்ணிக்கையை 1.7-ஆல் பெருக்கி 48-லிருந்து கழித்து, வந்ததை அதே எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள். வளையத்துக்குள் இருக்கும் இரட்டைப் பிணைப்புள்ள ஒவ்வொரு வளையத்துக்கும் 16.5, எக்ஸோ உள்ள வளையத்துக்கு 10 கழியுங்கள். கேரட்டின் பீட்டா கரோட்டீனில் இரட்டை 11, ஆல்கைல் 10, இரண்டு முனையிலும் வளையம்:

114 + 50 + 11 × (48 − 18.7) − 33 = 453.3

ஹெக்சேனில் அளந்தால் 450-க்கும் 452-க்கும் நடுவில். தக்காளியின் லைக்கோபீனில் முனைகள் திறந்து கிடக்கின்றன. ஆல்கைல் 8, கழிக்க ஒன்றுமில்லை, 476.3. அளவில் 472 முதல் 474. கேரட் ஆரஞ்சாகவும் தக்காளி சிவப்பாகவும் இருப்பதில் இந்த இருபத்துச் சொச்சத்துக்கும் பங்குண்டு.

எல்லா இடத்திலும் இப்படி ஒத்துப்போகாது. ரோஸ்மேரி எண்ணெயில் வரும் வெர்பினோனுக்குக் கணக்குப்படி 239, அளந்தால் 253. உள்ளே ஒரு நாலு கார்பன் வளையம் இழுத்துப் பிடித்து இறுக்குகிறது. அந்த இறுக்கத்துக்கு விதியில் எண் இல்லை. 253 என்ற ஹோமோ ஆனுலர் எண்ணும் ஆறு கார்பன் வளையத்துக்கானது. ஐந்து கார்பன் வளையத்துக்கு அதைப் போட்டால் உதைக்கும். சைக்ளோபென்டாடையீன் உறிஞ்சுவது 238 பக்கம். மஞ்சளின் குர்குமினைப் போடலாமா என்று ஒவ்வொரு வருடமும் ஒருவராவது கேட்பார். போடக் கூடாது. இரு பக்கமும் பென்சீன் வளையம், நடுவில் இரண்டு கார்பனைல். அது 425 பக்கம் உறிஞ்சுவதை இந்தக் கூட்டலால் எட்டிப் பிடிக்க முடியாது.

வீட்டில் போட்டுப் பார்க்க ஒன்று: கொலஸ்டா-4,6-டையீன்-3-ஓன். மேலே படிப்பதை நிறுத்திவிட்டு வரைந்து பாருங்கள்.

உங்களுக்கு 280 வந்திருந்தால் சரி (215, நீட்சி 30, பீட்டா 12, டெல்டா 18, எக்ஸோ 5), அளவில் 284. 292 வந்திருந்தால், 6-வது கார்பனைப் பீட்டா ஆல்கைல் என்று எண்ணியிருக்கிறீர்கள், அது ஏற்கெனவே கருமையான கார்பன். 274 என்றால் டெல்டாவுக்கும் 12 போட்டிருக்கிறீர்கள். 285 என்றால் 6-க்கும் 7-க்கும் நடுவில் இருப்பதையும் எக்ஸோ என்று சேர்த்திருக்கிறீர்கள். உள்ளங்கையை வைத்து மூடிப் பாருங்கள், அதன் இரண்டு முனையும் பி வளையத்தைத் தவிர வேறெந்த வளையத்திலும் இல்லை. 250 என்றால் நீட்சிக்கான 30-ஐ விட்டுவிட்டீர்கள்.