லேப்டாப்பில் ஓடுது, போர்டில் சுத்துதா?

பீளமேட்டு ஆபீஸ் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய ஓப்பன் சோர்ஸ் சி புரோகிராம், திருப்பூர் நிட்டிங் யூனிட்டில் மாட்டிய 'ராஸ்பெர்ரி பை' என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டில் முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? போர்டைக் குறை சொல்லுமுன் இன்புட்டை ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் 'கெட்சார்' வரும் வரியைப் பாருங்கள்.

அது திருப்பித் தருவது இன்ட், அதாவது மைனஸும் கொள்ளும் முழு எண்; ஃபைல் முடிந்தால் -1 தரும். அதை ஒரே பைட் கொள்ளும் சார் மாறியில் போட்டு, ஃபைல் முடிந்ததா என்று -1 உடன் ஒப்பிட்டிருப்பார்கள். சாரில் மைனஸ் மதிப்பு உண்டா என்பதை சி மொழி கம்பைலருக்கே விட்டுவிட்டது. இன்டெல் லினக்ஸில் உண்டு. ராஸ்பெர்ரி பையின் ஏஆர்எம் சிப்பில் ஓடும் லினக்ஸில் இல்லை. அங்கே -1 போய் 255 ஆகிவிடும், லூப் முடியவே முடியாது. ஆப்பிள் சிப்பும் ஏஆர்எம்தான், ஆனால் மேக்ஓஎஸ்ஸில் மைனஸ் உண்டு. அதனால் "மேக்கில் ஓடுதுங்க" என்பதை நம்ப வேண்டாம்.

நம் எழுத்தும் இதில் மாட்டும். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'அ'வின் முதல் பைட் 224; இன்டெல்லில் அது -32. அதை அப்படியே அரே இன்டெக்ஸாக (வரிசையில் எத்தனையாவது இடம் என்ற எண்ணாக) கொடுத்தால் கதை கந்தல்.

சரி, அந்த முடியாத லூப்பைப் பிடிப்பது எப்படி? போர்டே தேவையில்லை. ஜிசிசி, கிளாங் இரண்டு கம்பைலரிலும் சாரை 'அன்சைன்ட்' (மைனஸ் இல்லாதது) ஆக்கும் ஆப்ஷன் இருக்கிறது. அதைப் போட்டு லேப்டாப்பிலேயே டெஸ்ட்களை ஓட்டுங்கள். ஆனால் புராஜெக்ட்டுக்குத் திருத்தத்தை (பேட்ச்) அனுப்பும்போது, கம்பைல் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில் ஆப்ஷனைச் சொருகி ஒட்டுப்போடாமல், கெட்சார் மாறியை இன்ட் ஆக்குங்கள். இன்டெக்ஸுக்கு அன்சைன்ட் சாராக மாற்றிக் கொடுங்கள்.