குன்றுச் சரிவில் பழைய கல்குவாரி: வானிலிருந்து அடையாளம் காண்பது எப்படி?

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, திருமயம், பிரான்மலை என்று எந்தப் பக்கம் போனாலும் மொட்டைப் பாறைக் குன்றுகள் கண்ணில் படும். அவற்றில் எந்தப் பள்ளம் இயற்கை, எது மனிதர் கல் எடுத்த இடம் என்று கீழே நின்று சொல்வது கடினம். புதர் மறைக்கும், சரிவு மறைக்கும். மேலிருந்து பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். முதல் கட்டத்துக்கு ட்ரோனும் வேண்டாம், ஒரு கணினி போதும்.

1. படத்தின் தேதியைத் தேர்ந்தெடுங்கள்

கூகுள் எர்த் ப்ரோவை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். கடிகாரப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் அதே இடத்தின் பழைய படங்கள் வரிசையாக வரும். புதியவர்கள் பெரும்பாலும் சமீபத்திய படத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது நிழல் நீளமாக விழுந்த படம்.

செட்டிநாடு ஏறக்குறைய 10 பாகை வடக்கு அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகாது. அப்போது எடுத்த படத்தில் ஆள் உயரப் பள்ளம்கூடத் தட்டையாகத் தெரியும். டிசம்பர், ஜனவரிப் படங்களில்தான் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வெட்டு விளிம்புகள் கறுப்புக் கோடாக எழுந்து நிற்கும்.

இங்கே ஒரு கண்கட்டு உண்டு. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்பது நம் கண்ணின் பழக்கம். வடக்கு மேலே இருக்கும் படத்தில், தெற்கிலிருந்து வெளிச்சம் விழும்போது பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தோன்றும். படத்தைத் தலைகீழாகச் சுழற்றுங்கள், தெற்கு மேலே வரட்டும். சட்டென்று எல்லாம் சரியாகிவிடும்.

2. மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்: வெட்டு, கழிவு, தடம்

எங்கள் பக்கத்துப் பாறை வெங்காயம் உரிவதுபோல அடுக்கடுக்காகப் பெயரும். அதனால் இயற்கைப் பள்ளம் பெரும்பாலும் வளைந்த விளிம்போடு இருக்கும், சுனைகளும் அப்படித்தான். கல் எடுத்த இடத்தில் நேர்க்கோடும், படிபோல இறங்கும் செங்குத்து முகமும் தெரியும்.

ஆனால் பாறையில் நேரான வெடிப்புகளும் உண்டே? அதனால்தான் வெட்டு மட்டும் போதாது. பள்ளத்துக்குக் கீழே, சரிவில் விசிறிபோல விரிந்த உடைகல் குவியல் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் அங்கிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் வண்டித்தடம். எடுத்த கல் எப்படியும் ஊருக்குப் போயாக வேண்டும். இன்று அது வெறும் புதர் வரிசையாகவோ வயல் வரப்பின் வளைவாகவோ மிஞ்சியிருக்கலாம். மூன்றும் சேர்ந்தால் தைரியமாகக் குறியுங்கள். ஒன்று மட்டும் என்றால் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

பழையதா, புதியதா? எல்லா ஆண்டுப் படங்களிலும் விளிம்பு அப்படியே இருந்து, உள்ளே சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் கைவிட்ட குழி. ஆண்டுக்கு ஆண்டு அகன்று, சுற்றிலும் வெண்தூசி படிந்து, பக்கத்தில் கல் உடைக்கும் கிரஷர் இருந்தால் இன்றைய குவாரி. எத்தனை நூற்றாண்டு பழையது என்பதை வானிலிருந்து சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள்.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படமும் இலவசம்தான். ஆனால் ஒரு புள்ளி 10 மீட்டர், சின்னக் குழி இரண்டு மூன்று புள்ளிக்குள் அடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய படத்தையும் மே மாதப் படத்தையும் ஒப்பிட்டு, தண்ணீர் தேங்கும் இடங்களைப் பிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. ட்ரோன்

ட்ரோனைப் பதிவு செய்வதும், டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தில் பறக்கும் மண்டல வரைபடத்தைப் பார்ப்பதும் முதல் வேலை. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி தேவையில்லை. திருமயம் கோட்டை போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களுக்கு அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

அடிவாரத்தில் கிளப்பி ஒரே உயரத்தில் பறக்கவிட்டால், சரிவு ஏற ஏறப் பாறை ட்ரோனை நெருங்கிவரும். அடுத்தடுத்த படங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் அளவு, அதாவது மேற்படிவு, குறையும், மோதவும் கூடும். நிலத்தைத் தொடரும் வசதி இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் சரிவை இரண்டு மூன்று பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உயரத்தை மாற்றுங்கள். முன்பின் 80, பக்கவாட்டில் 70 சதவீதம் மேற்படிவு வையுங்கள்.

படங்களை வெப்ஓடிஎம் (WebODM) என்ற மென்பொருளில் கோத்து உயர வரைபடம் எடுத்து, கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் நிழல் வரைபடமாக மாற்றுங்கள். அதில் வெளிச்சம் இயல்பாக வடமேற்கிலிருந்து 45 பாகையில் விழும். 20 பாகைக்குக் குறைத்து, திசையையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். வெளிச்சத்தின் திசையிலேயே ஓடும் விளிம்பு அந்தப் படத்தில் மறைந்துவிடும், அடுத்ததில் வெளிவரும். கருவேலம் அடர்ந்த இடத்தில் தெரிவது மரத்தலைதான், தரை அல்ல.

சந்தேகமான விளிம்புக்கு அருகே ட்ரோனை இறக்கிச் சாய்வாகப் படமெடுங்கள். சில விரல் அகலத்தில் சதுரக் குழிகள் ஒரே கோட்டில், பாதி உடைந்து நின்றால் அவை ஆப்பு இறக்கிப் பிளந்த தடம். குழாயை நெடுக்காகப் பிளந்ததுபோல நீண்ட உருளைக் கோடு என்றால் எந்திரத் துளை, பிற்காலத்தது.

4. கடைசியில் நேரில் நடந்து

போவதற்கு முன் கிராம அ-பதிவேட்டில் (ஊரின் நில விவரங்கள் உள்ள பதிவேடு) அந்தப் புல எண் பாறைப் புறம்போக்கா, பட்டாவா என்று பார்த்து, உரியவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். ஆடு மேய்ப்பவர்களிடம் பேசுங்கள். படத்தில் புதர் மூடிய குழிகள் அவர்களுக்கு அத்துப்படி. தண்ணீர் நிற்கும் குழியின் விளிம்புக்கு மட்டும் போக வேண்டாம். ஆழமும் தெரியாது, பல இடங்களில் ஏறிவரப் படியும் இருக்காது.