கிரப் போனாலும் தரவு போகாது: லக்ஸ் வட்டு வைத்திருப்போருக்கு

உபுண்டு, டெபியன் கணினியில் முழு வட்டையும் லக்ஸ் என்ற லினக்ஸ் குறியாக்க முறையில் பூட்டியிருக்கிறீர்கள். ஒருநாள் கிரப் ரெஸ்கியூ என்று கறுப்புத் திரை நிற்கிறது. பதறி மறுபடி இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். பழுது பெரும்பாலும் பூட்லோடரில்தான், அதாவது கணினியைத் துவக்கிவைக்கும் கிரப் நிரலில்தான். உங்கள் கோப்புகள் பூட்டுக்குள் பத்திரமாகவே இருக்கும்.

லைவ் யுஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் யுஎஸ்பி) துவக்கி, டெர்மினலில் முதல் வேலையாக கிரிப்ட்செட்டப்பின் லக்ஸ்ஹெட்டர்பேக்கப் கட்டளையால் ஹெட்டரை (பூட்டின் சாவி விவரங்கள் இருக்கும் வட்டின் தொடக்கப் பகுதி) வேறொரு யுஎஸ்பியில் நகலெடுங்கள். ஹெட்டர் கெட்டுப்போய் நகலும் இல்லையென்றால், சரியான கடவுச்சொல் தெரிந்தும் பயனில்லை.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில். வட்டைத் திறக்கும்போது ஏதோ ஒரு பெயர் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பெயர், உங்கள் சிஸ்டத்தின் இடிசி கோப்புறையில் இருக்கும் கிரிப்ட்டேப் கோப்பில் அந்த வட்டுக்கான வரியின் முதல் சொல்லோடு எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இனிட்ராம்எஃப்எஸ் (துவங்கும்போது முதலில் ஏறி, கடவுச்சொல் கேட்டு வட்டைத் திறக்கும் சிறு தொகுப்பு) உருவாகும்போது ஓர் எச்சரிக்கை மட்டும் ஓடி மறையும். மறுமுறை துவக்கினால் கடவுச்சொல்லே கேட்காமல் நின்றுவிடும். ஆகவே ஒருமுறை திறந்து அந்தக் கோப்பைப் படித்து, எல்விஎம் (வட்டைப் பகுதிகளாக நிர்வகிக்கும் அடுக்கு) இருந்தால் அதை நிறுத்தி, வட்டை மூடிவிட்டு, சரியான பெயரில் மீண்டும் திறங்கள்.

பிறகு ரூட், பூட், இஎஃப்ஐ பகிர்வுகளை இதே வரிசையில் மவுன்ட் செய்யுங்கள் (கோப்புறையாக இணையுங்கள்). டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைன்ட் செய்து (அதனுள்ளும் தெரியும்படி இணைத்து), சிஎச்ரூட் கட்டளையால் உங்கள் பழைய சிஸ்டத்துக்குள் போய் கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், அப்டேட்-கிரப் கொடுங்கள். யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த துவக்க முறை) கணினியில், லைவ் யுஎஸ்பியையும் அதே முறையில் துவக்கியிருந்தால்தான் கிரப்-இன்ஸ்டால் துவக்கப் பதிவை எழுதும். இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.