பல மாநிலத்தார் கூடும் மாணவர் ஐக்கியத்தில் உங்களுக்கென்று ஓர் இடம்

தாம்பரம், வேலூர் போன்ற ஊர்களின் கிறிஸ்தவக் கல்லூரிகளில் சேரும் தமிழ் மாணவர், சொந்த மாநிலத்திலேயே படித்தாலும், மாணவர் ஐக்கியத்தின் முதல் கூட்டத்தில் தம்மை வெளியாளாக உணர்வதுண்டு. பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். மலையாளிகளும் வடகிழக்கு மாநிலங்களின் மிசோ, நாகா, காசி இன மாணவர்களும் தத்தம் கூட்டமாக அமர்ந்திருப்பார்கள். அப்போது தமிழ் பேசுவோரின் வரிசையைத் தேடிப் போய் உட்காருவது இயல்பே. முதல் வாரத்தில் அதில் தவறில்லை. அதையே வழக்கமாக்கிக்கொண்டால் மூன்று ஆண்டுகளும் அந்த வரிசையிலேயே கழிந்துவிடும்.

எந்த ஐக்கியத்தில் சேருவது என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். 1912இல் தொடங்கிய இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் சமூக நீதிக் கேள்விகளில் மிகுந்த அக்கறை உடையது. 1954இல் தொடங்கிய இந்திய சுவிசேஷ மாணவர் ஐக்கியமோ வேத ஆராய்ச்சிக்கும் ஜெபத்துக்கும் முதலிடம் தருவது. கத்தோலிக்க மாணவர்களுக்கெனத் தனி அமைப்பும் உண்டு. ஒன்றிரண்டு கூட்டங்களுக்குச் சென்று பார்த்த பிறகு முடிவு செய்வது நல்லது.

சேர்ந்த பின் கூட்டங்களுக்கு வந்துபோவதால் மட்டும் நெருக்கம் வராது; ஒரு வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். நாற்காலி போடுவது, தேநீர் வாங்கி வருவது, பாடல் வரிகளைத் திரையில் காட்டுவது என எதுவானாலும் சரி, உடன் ஒரு வேற்று மாநிலத்தவர் இருக்கும் வேலையாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். பேச்சுத் துணைக்காகப் பேசும்போது தடுமாறும் ஆங்கிலம், மைக் வயரைச் சுருட்டும்போது தடுமாறுவதில்லை.

பாட்டு தனிக் கவனத்துக்குரியது. மிசோ மாணவர் பலர் சிறு வயதிலிருந்தே சொல்ஃபா குறிப்பை (டோ, ரே, மி என்னும் சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் முறை) பார்த்து நான்கு குரலில் பாடிப் பழகியவர்கள். நம்மவருக்கோ ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தொடரும் கீர்த்தனை பழக்கம். தமிழ்க் கீர்த்தனை ஒன்றைப் பாட விரும்பினால், வரிகளை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து, பொருளை இரண்டு வரியில் சொல்லி, பல்லவியை மட்டும் இருமுறை பாடிக்காட்டுங்கள். அடுத்த வாரம் அவர்கள் மொழிப் பாடலைக் கற்றுத் தரும்படி கேளுங்கள்.

ஜெபிக்கும் முறையிலும் வேறுபாடு இருக்கும். பெந்தெகொஸ்தே சபையிலிருந்து வந்தவர் உரத்த குரலில் ஜெபிப்பார்; கேரளத்தின் மார்த்தோமா சபையில் வளர்ந்தவருக்கு எழுதி வைத்த வழிபாட்டு முறையே மனத்துக்கு நெருக்கமானதாக இருக்கலாம். ஒன்றைப் பக்திக் குறைவு என்றோ மற்றதை ஆர்ப்பாட்டம் என்றோ எடைபோடாதீர்கள். ஞானஸ்நானத்தைக் குழந்தைப் பருவத்தில் கொடுப்பதா, வளர்ந்த பின் கொடுப்பதா என்ற விவாதத்தைப் பொதுக்கூட்டத்தில் எழுப்பாதீர்கள். அதை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நண்பர்களாகப் பேசிக்கொள்ளலாம்.

பேச்சைத் தொடங்க ஊர்ச் சபை வழக்கங்களைப் போல் வசதியானது வேறில்லை. மிசோரமில் ஒவ்வொரு வேளையும் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென எடுத்து வைக்கும் வழக்கம் 1910 முதல் உண்டு. நம் ஊர்ப் பிடியரிசிக் காணிக்கையைப் பற்றி உங்கள் பாட்டியிடம் கேட்டறிந்து சென்றால் அரைமணி நேரம் பேசலாம். நாகா நண்பர் ஊரிலிருந்து கொண்டுவந்த புளித்த சோயாவின் வாசனைக்கு மூக்கைப் பொத்தும் முன், நம் வீட்டுக் கருவாட்டுக் குழம்பை ஒரு கணம் நினைத்துக்கொள்ளவும்.

தமிழ்நாட்டுக் கல்லூரியில் நாமே பெரும்பான்மை என்பதால் நமக்குப் பொறுப்பு சற்று அதிகம். நான்கு பேர் பேசும் இடத்தில் ஒருவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அங்கே தமிழ் நகைச்சுவையைத் தவிர்க்கலாம்; வாய்தவறி வந்துவிட்டால் உடனே மொழிபெயர்த்துச் சொல்லிவிடலாம். வடகிழக்கு மாணவர்களின் முகத்தோற்றத்தை இழிவுபடுத்தும் 'சிங்கி' போன்ற கேலிப் பெயர்களை விளையாட்டாகக்கூட அனுமதிக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் முறையிடும்வரை காத்திராமல் உடனிருக்கும் தமிழரே கண்டிக்க வேண்டும்.

பொங்கல் போன்ற குறுகிய விடுமுறைகளில் வடகிழக்கு மாணவர்கள் ஊர் போய்த் திரும்ப நாள் போதாமல் விடுதியிலேயே தங்கிவிடுகிறார்கள். ஒருவரையோ இருவரையோ வீட்டுக்கு அழையுங்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்களுக்கு எவ்வளவு காரம் ஒத்துவரும் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகை முடிந்து திரும்பும் நாளில் ரயிலில் இடம் கிடைப்பது கடினம். ஆகவே உங்களுக்கும் அவர்களுக்கும் சேர்த்து டிக்கெட்டை முன்பதிவு தொடங்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள்.