உறைபனியிலிருந்து தொட்டிச் செடிகளைக் காப்பாற்றுவது எப்படி?

ஊட்டிப் பக்கம் நவம்பரில் நீர்ப்பனி, டிசம்பர் ஜனவரியில் உறைபனி. மேகமும் காற்றும் இல்லாத இரவுதான் செடிக்கு எமன். அன்று மண்ணிலும் இலையிலும் இருக்கிற சூடெல்லாம் நேராக வானத்துக்குப் போய்விடும், குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளையாவது இதனால்தான்.

அதனால் முதலில் இடத்தை மாற்றுங்கள். தரைச் செடியின் வேருக்குச் சுற்றிலும் மண் காவல், தொட்டி வேருக்கு அது கிடையாது. வாசலின் பள்ளத்தில் இருக்கும் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள், சுவரோரமாக நெருக்கி வையுங்கள். ஆனால் காலை வெயில் நேராக அடிக்கிற கிழக்குப் பக்கம் வேண்டாம். உறைந்த இலை சட்டென்று சூடானால் சேதம் இன்னும் அதிகமாகும்.

அடுத்து உரம். அக்டோபரோடு நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் இளம் தளிர் விட்டு அதுதான் முதலில் கருகும். தண்ணீரைக் காலையில், வெயில் வந்தபிறகு, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். சாயங்காலம் வேண்டவே வேண்டாம். அதற்காக மண்ணை வறண்டுபோகவும் விடாதீர்கள், ஈர மண் பகல் சூட்டைக் கூடுதல் நேரம் பிடித்து வைக்கும்.

அப்புறம் மூடுவது. தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகள்மேல் மிலார் என்ற செடியை வெட்டி எடுத்துப் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், வீட்டுக்கும் அது அருமையான வழி. கிடைக்காவிட்டால் நான்கு குச்சி நட்டு, இலையில் படாமல் சணல் சாக்கோ பழைய போர்வையோ தரைவரை தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் என்றால் இலையில் ஒட்டவே கூடாது, ஒட்டிய இடம் கருகிவிடும். பொழுது சாய்வதற்குள் மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

எல்லாச் செடிக்கும் ஒரே கவனிப்பு இல்லை. ஜெரேனியத்துக்குக் குளிரோடு ஈரமும் சேர்ந்தால் ஆபத்து, தண்ணீரை நன்றாகக் குறையுங்கள். டேலியா தண்டு பனியில் கருத்ததும் வெட்டிவிட்டு, கிழங்கை எடுத்து நிழலில் உலர்த்தி, காய்ந்த நார்க்கழிவில் புதைத்து வீட்டுக்குள் வைக்கலாம். ஃபூஷியாவில் கருகிய கிளையைப் பார்த்து உடனே கத்திரியை எடுக்காதீர்கள், பனி முடியும்வரை அதுவே உள்கிளைக்கு மறைப்பு. ஹைட்ரேஞ்சியா குச்சி காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் அதன் நுனியில்தான் அடுத்த பூவுக்கான மொட்டு இருக்கிறது, வாடிய பூவைக்கூட மார்ச் வரை அப்படியே விடுங்கள், அப்புறம் மேலிருந்து முதல் தடித்த மொட்டுக்குச் சற்று மேலே வெட்டினால் போதும்.